கை வைத்தால் பாடும் நாய்

டிசம்பர் 3

இன்று குட்டிகளை ஒப்படைத்தார்கள். எனக்கு வந்தது ஜெர்மன் ஷெப்பர்டு, ஆண், நான்கு மாதம். பெயர் புயல். பெயரை மேலிடத்திலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வைத்தவர் இவன் நடையைப் பார்த்திருக்க மாட்டார். இவன் வண்டியிலிருந்து இறங்கி என் காலடிக்கு வந்து சேர்வதற்குள் மற்ற குட்டிகள் அவரவர் ஆட்களின் பூட்ஸ் கயிற்றைக் கடித்து அவிழ்த்துவிட்டன.

பயிற்சி எஸ்.ஐ. தனகோட்டி ஐயா எங்களை வரிசையில் நிறுத்தி, போலீசில் எத்தனையோ வேலை இருக்க நாய்ப்படைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஜெபராஜ் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர் என்றான். நான் நாட்டுக்குச் சேவை என்றேன். உண்மையான காரணம் கழிப்பறை. ஆயுதப்படையில் இருந்தபோது பெரிய மனிதர்கள் கார் போகும் சாலையில் விடிகாலையிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். நடுவில் ஒரு பெண் போலீஸ் எங்கே போவாள் என்று யாரும் யோசித்ததில்லை. தண்ணீர் குடிக்காமல் நின்று நின்று சிறுநீரகத்தில் கிருமி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். திரும்பி வந்த வாரம் நாய்ப்படைக்கு ஆள் கேட்டார்கள். கையைத் தூக்கிவிட்டேன். இங்கே கூண்டு வரிசைக்குப் பின்னால் பெண்களுக்கென்று கழிப்பறை இருக்கிறது. தண்ணீர்கூட வருகிறது.

நாயைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

கையுறை போட்டுக்கொண்டுதான் குட்டியைத் தூக்கினேன். பனி அதிகம்.

டிசம்பர் 5

காலையும் மாலையும் குட்டியைச் சீவிவிட வேண்டும். ஆளும் நாயும் பழகுவதற்கு அதுதான் வழியாம். நான் பிரஷ்ஷின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கையை நன்றாக நீட்டிச் சீவினேன். தனகோட்டி ஐயா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இன்னாம்மா, சுவத்துக்குச் சுண்ணாம்பா அடிக்கிற? கிட்ட குந்து. மடியில போட்டுக்கினு சீவு."

உட்கார்ந்தேன். மடியில் போடவில்லை. அவர் போனதும் எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "ஏட்டி இசக்கி, தெருவுல ஒரு நாயி படுத்துக் கெடந்தா பஸ்ஸையே விட்டுட்டு வீட்டுக்கு வந்து நிப்பியே. நீ போயி நாயி வளக்கியா?" டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். யூனிஃபார்ம் பேன்ட் முழுநீளம் என்பதால் கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு யாருக்கும் தெரியாது. நல்லது.

டிசம்பர் 9

இன்று ஒரு விஷயம் நடந்தது.

ஐயா எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் குட்டியை மடியில் ஏற்றினேன். கீழே நழுவாமல் இருக்க இடது முன்னங்காலின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தாங்கினேன். உள்ளங்கையில் ஏதோ ஓடியது. தையல் மிஷின் ஓடும்போது பலகையில் கை வைத்தால் இருக்குமே, அப்படி. நிற்காமல் கர்ர்ர்ர் என்று. உள்ளுக்குள் உறுமுகிறான், இதோ கடிக்கப்போகிறான் என்று எனக்கு வியர்த்துவிட்டது. கையைப் பிடுங்கிக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தால் கண் பாதி மூடியிருக்கிறது. வால் ஆடுகிறது. என் மணிக்கட்டை நக்குகிறான்.

மறுபடி கை வைத்தேன். மறுபடி கர்ர்ர்ர். எங்கள் வீட்டுப் பூனை மடியில் படுத்தால் இப்படித்தான் செய்யும். நாயும் செய்யும் என்று எனக்குத் தெரியாது. என் கை பட்டதும் பாடுகிறான்!

சீவி முடித்த பிறகும் இறக்கிவிடவில்லை. ஐயா எழுந்து போனதுகூடத் தெரியவில்லை.

டிசம்பர் 12

ஜெபராஜின் லாப்ரடார் பெண் குட்டிக்கு ரோஸி என்று பெயர். அதன் அக்குளில் கை வைத்துப் பார்த்தேன். லப் டப் என்று சாதாரணமாக அடித்தது, அவ்வளவுதான்.

"அதுக்கு உன்மேல அவ்வளவு பாசம் இல்லப்பா" என்றேன்.

ஜெபராஜ் புயலின் விலாவில் கை வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை என்றான். கொஞ்சம் கீழே வைத்துவிட்டான். நான் சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு மட்டும் பாடுவதாகவே இருக்கட்டும்.

இன்று கூண்டுக்குள் தனியாகப் போய்க் கஞ்சி வைத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளாமல்.

டிசம்பர் 22

ஓட்டம் தொடங்கிவிட்டது. மைதானத்தைச் சுற்றி மெதுவோட்டம்தான், குட்டிகளுக்கு அதற்குமேல் கிடையாது. முதல் சுற்றில் புயல் என்னோடு வந்தான். இரண்டாவது சுற்றில் கயிறு பின்னால் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் நாக்கை முழுவதும் தொங்கவிட்டு நிற்கிறான். ரோஸி எங்களைத் தாண்டி இரண்டு முறை போய்விட்டாள்.

"புயலா இது? தூறல்கூட இல்ல" என்றார் ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சோம்பேறி என்று நானும் அவனைத் திட்டினேன். பிறகு கூண்டில் சீவும்போது கை வைத்தேன். என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பலமாகப் பாடினான். திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 2

எல்லாக் குட்டிகளும் எடை ஏறிவிட்டன. இவன் மட்டும் விலா எலும்பு தெரிய நிற்கிறான். சாப்பாடு போதவில்லை என்று ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கறி கூடுதல், முட்டை கூடுதல். ஓடுவதற்கு முன் குளுக்கோஸ் தண்ணீர். இங்கே களைத்த நாய்க்கு எப்போதும் அதுதான் வைத்தியம்.

நான் என் பங்குக்கு நெய் வாங்கிக் கஞ்சியில் ஊற்றினேன். நக்கி நக்கிச் சாப்பிட்டான். ஓட்டத்தில் அதே இடத்தில் நின்றான்.

ஜனவரி 9

கடைசிக் கூண்டில் இருந்த டைகரை இன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இடுப்பு எலும்பு சரியில்லையாம். ரிஜெக்ட். மதியத்துக்குள் அதை வளர்த்த கான்ஸ்டபிள் கையில் வேறு குட்டி. அவன் பழைய குட்டியின் பெயரைச் சொல்லிப் புதுக் குட்டியைக் கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அத்த எங்க கொண்டு போறாங்கன்னு கேக்காதீங்க. யாராவது வாங்கிக்குவாங்க. சர்க்கார் நாயி சர்க்கார் வேலை செய்யணும். செய்யலைன்னா நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார் ஐயா. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வேறு குட்டி கொடுத்தால் வளர்த்துவிட்டுப் போகிறேன். ஆனால் வேறு குட்டி பாடுமா என்பது தெரியாது. பாடாத நாயோடு நான் ஒரே கூண்டுக்குள் போக மாட்டேன்.

ஜனவரி 13

இப்போதெல்லாம் கடைசி ஆளாக ஓட்டத்தைத் தொடங்குகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனதும் புயலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். தொட்டியைத் தாண்டியதும் இறக்கிவிட்டு ஓடுகிறோம். ஐயா உட்காரும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். லீவு கேட்கவே இல்லை. நான் இல்லாதபோது வேறு யாராவது இவனை ஓட்டினால் தொட்டிக்குப் பின்னால் தூக்க மாட்டார்கள்.

ஜனவரி 19

ஓடி முடித்ததும் ஈறு வெளிறிக் கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெந்த முட்டையின் நிறம். சிறிது நேரம் படுத்திருந்தபின் சரியாகிவிட்டது. வெயில்தான்.

ஜனவரியில் என்ன வெயில்.

ஜனவரி 27

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்று காலை இடைத்தேர்வு. ஐயா இந்த முறை நாற்காலியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார். தெரிந்துதான் போட்டாரோ என்னவோ. தூக்க வழியில்லை. குளுக்கோஸ் இரண்டு மடங்காகக் கரைத்துக் கொடுத்திருந்தேன். புயல் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினான். தொட்டி வந்ததும் வழக்கம்போல் நின்று, தூக்கு என்பது மாதிரி முன்னங்காலை என் முழங்காலில் வைத்தான். நான் "கம் ஆன், புயல், கம் ஆன்" என்று கயிற்றை இழுத்தேன். இழுத்தேன் என்று எழுதிவிட்டேன், எழுதத்தான் வேண்டும். நான் இழுத்ததால் அவன் வந்தான். தொட்டிக்கு அப்பால் ஏறி இறங்குவதற்காக வைத்திருக்கும் சரிவுப் பலகையில் பாதி ஏறினான். பிறகு கால் நான்கும் ஒன்றாக மடங்கிப் பக்கவாட்டில் விழுந்தான்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

ஐயாதான் ஓடி வந்து தூக்கினார். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. ஜீப்பில் கால்நடைக் கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் அக்குளில் கை வைத்துக்கொண்டே போனேன். கர்ர்ர்ர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "பாடுறான் ஐயா, பயமில்ல, பாடிட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐயாவுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியவில்லை.

ஆக்ஸிஜன் வைத்து அங்கேயே படுக்கவைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 28

டாக்டர் மெஹருன்னிசா என்பவர் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். இதய நோயோடு பிறக்கும் ஆடு, நாய்க் குட்டிகள் ஓடும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறவராம். எப்போதிலிருந்து களைக்கிறான், எங்கே நிற்கிறான் என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் வெயில் என்றும் சோம்பல் என்றும் பதில் சொன்னேன். நல்ல நாய் என்று காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதையும் சொன்னேன்.

"என்மேல ரொம்பப் பாசம் மேடம். இங்க கை வெச்சா பாடுவான். பூனை மாதிரி."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கே, வெச்சுக் காட்டுங்க."

வைத்தேன். என் கைமேல் அவர் கையை வைத்தார். பிறகு என் கையை எடுத்துவிட்டு அவர் கையை மட்டும் அங்கே வைத்தார்.

அவர் கைக்கும் பாடினான்.

"இது பாட்டு இல்லம்மா" என்றார் மெதுவாக. "ரத்தம் போகக் கூடாத வழியில போற சத்தம்."

வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குட்டிக்கும் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்குமாம். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். இவனுக்கு மூடவில்லை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அந்த வழியாக நுரையீரலுக்கே திரும்பிப் போய்விடுகிறது. இதயம் ஒரே ரத்தத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கிறது. குட்டிகளை வாங்கும்போது பார்த்த டாக்டர் கீழே வைத்துக் கேட்டிருப்பார், மேலே அக்குளில் வைத்தால்தான் தெளிவாகத் தெரியும் என்றார்.

ஜெபராஜ் கீழே வைத்ததும், நான் இடத்தைக் காட்டிக்கொடுக்காததும் ஞாபகம் வந்தது. வெளியே போய் வராண்டாவில் நின்றேன். கழிப்பறை எங்கே என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அழுதேன்.

ஜனவரி 31

டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் அவனை மெதுவாக நடக்கவைத்துப் பார்த்தார்கள். மயக்க மருந்தையும் அறுவையையும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமாம். முன்னால் நான் பிஸ்கட்டோடு குந்தியிருந்தேன். நடப்பதற்கு முன்பு ஒரு சொட்டு ரத்தம், நடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை பார்க்கிற மாதிரி ஒரு சின்ன மிஷினில் வைத்தார்கள். அவன் வயதுள்ள இன்னொரு குட்டியையும் அதே பட்டையில் நடத்தினார்கள். அது நடந்துவிட்டு விளையாடப் போய்விட்டது. புயலின் ரத்தத்தில் அமிலம் ஏறிக் கிடந்தது.

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போட்டோம் மேடம். முட்டை, கறி, நெய், குளுக்கோஸ்" என்றேன்.

"அடுப்புல விறகுக்குக் குறைச்சலே இல்ல. காத்துதான் போகல. நீங்க இன்னும் விறகைத் திணிச்சிருக்கீங்க."

காற்று போகாத அடுப்பு புகைவது போல, ரத்தம் போதாத கால் தசை சர்க்கரையைப் பாதி எரித்து அமிலமாக விட்டுவிடுகிறதாம். நின்றுகொண்டிருக்கும்போது எப்படியோ சமாளிக்கிறது. ஓடும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. வளர வேண்டிய சக்தி எல்லாம் அந்த இதயத்தை ஓட்டுவதற்கே செலவாகிவிடுவதால்தான் எடை ஏறவில்லை.

"அப்ப இதயத்துக்கு மட்டும் எங்கிருந்து சக்தி வருது?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அவர் ஆராய்ச்சியாம். "இதயம் எதையும் வீணாக்காது. கால் பாதி எரிச்சுத் தள்ளுன அந்த அமிலத்தையும் எடுத்து எரிச்சுக்கும். மிச்சத்தைச் சாப்பிட்டு வேலை பாக்கும். ஆனா எத்தனை நாளைக்கு?"

எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போவாள். சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

எத்தனை நாளைக்கு என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார். அப்படியே விட்டால் அநேகமாக ஒரு வயதைப் பார்க்க மாட்டான். நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் மற்ற நாய்களைப் போல இருக்கலாம். கட்டும்போது குழாய் கிழிந்தால் மேஜையிலேயே போய்விடுவான். அதிகம் நடக்காது, ஆனால் நடந்திருக்கிறது.

பிப்ரவரி 3

ஐயா கல்லூரிக்கு வந்தார். நான் அட்டென்ஷனில் நின்று, தொட்டிக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "தொட்டியாண்ட உன் பூட்ஸ் தடம் மட்டும்தான் இருந்துச்சு. நாயி தடம் இல்ல. நாயிக்குப் பயந்தவ இப்போ தூக்கிக்கினு போறாளேன்னு விட்டுட்டேன். விட்டது என் தப்பு."

நான் நாய்க்குப் பயந்தவள் என்று அவருக்கு எப்போது தெரியும்? கேட்கவில்லை.

புயலை ரிஜெக்ட் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து பேச்சு வந்துவிட்டதாம். புதுக் குட்டியும் வந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "டி.எஸ்.பி. ஐயா கையில கால்ல விழுந்து ஏப்ரல் கடைசித் தேர்வு வரிக்கும் டயம் வாங்கிக்கினேன். ஆபரேஷன் கல்லூரியே செய்யுது. பொழச்சு, முழுசா ஓடி முடிச்சா உன் நாயி. ஓடலைன்னா ரிஜெக்ட். அப்போ எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சரி என்றேன். எனக்குப் பயமில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

பிப்ரவரி 11

நாளைக்கு. இரவு ஆகாரம் கிடையாது. பட்டினியில் என் கையை நக்கிக்கொண்டே இருந்தான். அக்குளில் கை வைத்தேன். பாட்டு என்ன என்று தெரிந்த பிறகு கை வைப்பது இதுதான் முதல்முறை. தப்பான வழியில் போகிற ரத்தம், அவனைக் கொன்றுகொண்டிருக்கிற சத்தம் என்று சொல்லிக்கொண்டேன். அப்படியும் அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 12

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராண்டாவில் இருக்கிறேன். ஐயா தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை.

பிறகு:

டாக்டர் மெஹருன்னிசா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார். கட்டியாயிற்று. முடிச்சு இறுகிய கணமே சத்தம் நின்றதாம். "வந்து கேளுங்க."

மயக்கத்தில் படுத்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க மயிர் வழித்து, கட்டுப் போட்டிருந்தது. கட்டுக்கு ஓரமாகக் கையை வைத்தேன். ஒன்றுமே இல்லை. செத்துப்போய்விட்டான் என்று கத்திவிட்டேன். டாக்டர் என் கையை அழுத்திப் பிடித்தார். லப் டப். லப் டப். ஜெபராஜின் ரோஸிக்கு அடித்த மாதிரி. எந்த நாய்க்கும் அடிக்கிற மாதிரி.

கும்பிட்டேன். சந்தோஷம் இருந்தது. உள்ளே வேறு ஏதோவும் இருந்தது.

பிப்ரவரி 14

கடிக்க வந்தான்.

கட்டு மாற்றும்போது தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வலியில் உறுமினான். நிஜமான உறுமல், தொண்டையிலிருந்து. பல் என் மணிக்கட்டில் பட்டு, தோல் கிழியாமல் விலகியது. நான் எப்படி அறைக்கு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தேன். கெண்டைக்கால் எரிந்தது.

ஏழு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடித்தது. ஒன்று இல்லை, மூன்று நாய்கள். கருவேல முள்வேலிக்குள் விழுந்து கிடந்தேன். அம்மா மண்வெட்டியோடு வந்துதான் விரட்டினாள். இதை இந்த நோட்டில் எழுதவே கூடாது என்று இருந்தேன். நாய்ப்படையில் இருக்கும் இசக்கியம்மாளுக்கு நாய் என்றால் பயம். அவன் பாடியதால்தான் பக்கத்தில் போனேன். அது பாட்டே இல்லையாம். அப்படியானால் என்னை அவனுக்குப் பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

பிப்ரவரி 25

கூண்டுக்கு வந்துவிட்டோம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. இரண்டு பங்கு சாப்பிடுகிறான். நான் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நிற்கிறேன். கதவு திறந்திருக்கிறது.

மார்ச் 8

சீவினேன். கையை நீட்டி.

"மறுபடி சுண்ணாம்பா?" என்றார் ஐயா. புதுக் குட்டியை அவரே சீவிக்கொண்டிருந்தார். எனக்கென்று வந்த குட்டி அது. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

மார்ச் 21

நடை தொடங்கியது. மோப்பம் பிடிக்க நின்றாலும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறேன். சிவப்பு. மறுபடி பார்க்கிறேன். சிவப்பு. அவனுக்கே அலுத்துவிட்டது, நான் குனிந்ததும் தானாகவே வாயைத் திறக்கிறான்.

எடை ஏறிவிட்டது. கல்லூரியில் டாக்டர் மறுபடி பட்டையில் நடத்தி ரத்தம் எடுத்தார். அமிலம் மற்ற குட்டிக்கு இருந்த அளவுதான். "அடுப்புக்குக் காத்து போகுது" என்று சிரித்தார். அக்குளில் கை வைத்துப் பாருங்களேன் என்றார். கையில் எண்ணெய் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6

மெதுவோட்டம் முழுச் சுற்று. தண்ணீர்த் தொட்டி வந்ததும் நின்றான். முன்னங்காலை என் முழங்காலில் வைத்தான். எனக்கு உயிரே போய்விட்டது. விழப்போகிறான் என்று கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தேன். மூச்சு சாதாரணமாக இருந்தது. ஈறு சிவப்பு. வால் ஆடிக்கொண்டிருந்தது.

களைப்பு இல்லை. அங்கே தூக்குவது எங்கள் வழக்கம் என்று நினைத்திருக்கிறான்.

நான் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் இதுதான். கடைசித் தேர்வில் இப்படி நின்றால் ரிஜெக்ட்.

ஏப்ரல் 14

தினமும் தொட்டியில் நிற்கிறான். "ஹீல்" என்று கூடவே வரச் சொன்னாலும் நிற்கிறான், பிஸ்கட் காட்டினாலும் நிற்கிறான். ஜனவரியில் மாதிரி இழுக்க என்னால் முடியாது. கயிறு இறுகியதும் கை தானாக விட்டுவிடுகிறது. பலகையில் விழுந்தபோது திறந்தே கிடந்த அந்தக் கண் எதிரில் வருகிறது.

"இன்னாம்மா, தைரியமா இழு" என்றார் ஐயா. "மாட்டேன் ஐயா" என்றேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து மேலதிகாரியிடம் சொன்ன முதல் மாட்டேன்.

ஏப்ரல் 26

இன்று தேர்வு. டி.எஸ்.பி. வந்திருந்தார். டாக்டர் மெஹருன்னிசாவும் வந்து ஓரமாக நின்றார்.

எங்கள் முறை வந்தது. ஓடினோம். புயல் என் இடது காலோடு ஒட்டி வந்தான். தொட்டி தெரிந்தது. நின்றான். எதிர்பார்த்தபடியே முன்னங்காலைத் தூக்கினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இழுக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அவனைத் தூக்கினேன். இப்போது அவன் பழைய குட்டி இல்லை, கால் என் முழங்கால் வரை தொங்கியது. இடது கை தானாகவே அக்குளுக்குள் போய்விட்டது. ஆபரேஷன் மேஜைக்குப் பிறகு அந்த இடத்தைத் தொடுவது இப்போதுதான். பாட்டு இல்லை. அவன் என் மணிக்கட்டை நக்கினான். கண் பாதி மூடியிருந்தது. டிசம்பரில் இருந்த அதே முகம்.

யாரோ சிரித்தார்கள். தொட்டிக்கு அந்தப் பக்கம் வரை தூக்கிக்கொண்டு போய் வழக்கமான இடத்தில் இறக்கிவிட்டேன். கயிற்றைக் கழற்றிவிட்டு "கோ" என்றேன்.

போனான். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை. சரிவுப் பலகையில் ஏறி, இறங்கி, சுவரைத் தாண்டி, முடிவுக் கோட்டையும் தாண்டி, மைதானத்தின் மறுமூலைக்கே போய்விட்டான். நான் பின்னால் ஓடினேன். "புயல், நில்லு! போதும்ல, நில்லு!" எல்லா ஆங்கிலக் கட்டளையும் மறந்துபோய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. விழுவான், இதோ விழுவான் என்று ஓடினேன். மூச்சு வாங்கி, கால் மடங்கி, நடு மைதானத்தில் நான்தான் விழுந்தேன்.

முழு வேகத்தில் ஒரு பெரிய நாய் என்னை நோக்கித் திரும்பி வந்தது. தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தேன். எழுந்திருக்கவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை.

வந்து என்மேல் விழுந்தான். முகம் முழுக்க எச்சில்.

டி.எஸ்.பி., நாயைத் தூக்கியதற்கு மார்க் கிடையாது என்றாராம். ஐயா, "அந்த இடத்துல ஆள் நாயைத் தூக்கினு போகணும்ங்கிறது இந்த ஜோடிக்கு மட்டும் குடுத்த பயிற்சிங்க ஐயா" என்று முகம் மாறாமல் சொன்னாராம். ஜெபராஜ்தான் வந்து சொன்னான். கோடு தாண்டிய நேரத்தில் எங்களுக்கு முன்னால் ரோஸி மட்டும்தான். தேறிவிட்டோம்.

புதுக் குட்டியை மாலையில் வேறு ஒருவனிடம் ஒப்படைத்தார்கள். ஐயா அதைச் சீவும் பிரஷ்ஷை மட்டும் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

இதைக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டேன். இவன் என் மடியில் முக்கால் உடம்பைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான், கால் மரத்துவிட்டது. பல் வெளியே தெரிகிறது, பெரிய பல். பார்த்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இடது கை அக்குளில் இருக்கிறது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, லப் டப் மட்டும்தான். கையை எடுக்க மனம் வரவில்லை, வலது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.